மாவுக்கட்டும் ஆறு புத்தகங்களும்

போன ஆடி மாதம் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லடியில் வழுக்கி விழுந்தேன். இடது கணுக்காலில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார். வலியைவிட அதுதான் எனக்கு அதிர்ச்சி. ஆறு வாரம் நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டால் வீடு என்ன ஆவது!

ஒன்றும் ஆகவில்லை, சகோதரிகளே. என் மாமியார் (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) சமையலைப் பார்த்துக்கொண்டார். இவர் துணி உலர்த்தக் கற்றுக்கொண்டார். பெரியவள் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். நான்தான் பொழுது போகாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கல்யாணத்துக்கு முன்னால், பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்துப் படித்தவள் நான். அதற்கப்புறம் மளிகை லிஸ்ட்டையும் பால் கணக்கையும் தவிர என்ன படித்தேன் என்று யோசித்தால், வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ஏதாவது புத்தகம் எடுத்துட்டு வாடா" என்று ஆறாவது படிக்கும் சின்னவனைக் கிளை நூலகத்துக்கு அனுப்பினேன். "என்ன புத்தகம்மா?" என்றான். "உனக்கு எது பிடிக்குதோ அது." அப்படிச் சொன்னதால் வந்த புத்தகங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அட்டைப் படத்தைப் பார்த்து எடுத்தது சில, கைக்கு எட்டிய தட்டிலிருந்து எடுத்தது சில. நானாகப் போயிருந்தால் இதில் நாலைத் தொட்டிருக்க மாட்டேன்.

முதலில் வந்தது தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'. தேவன் எங்கள் பக்கத்துக்காரர். 1913ல் திருவிடைமருதூரில் பிறந்தவர், கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். சாம்பு ஓர் அசட்டு பாங்கு குமாஸ்தா. அவன் பாட்டுக்கு எதையோ செய்வான், திருடன் தானாக வந்து மாட்டிக்கொள்வான். அடி ஒருவனுக்கு, புகழ் இவனுக்கு! மாலையில் அத்தை கீரை ஆய்கிறபோது நான் உரக்கப் படிப்பேன். கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். "இந்த மாதிரி ஒரு ஆள் நம்ம வீட்டிலேயே இருக்கே" என்று இவரை ஜாடை காட்டுவார். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மாவுக்கட்டுக்குள் அரிக்கிறபோது சாம்புவைப் படியுங்கள், அவ்வளவுதான்.

அடுத்து வந்தது ஒரு தலையணை. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. "இதை எதுக்குடா எடுத்தே?" என்று கேட்டேன். "பெரிசா இருந்துச்சு, உனக்கு ஆறு வாரத்துக்கும் வரும்னு எடுத்தேன்" என்றான் பிள்ளை. உ.வே.சா. என்றால் பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் கேள்வி, 'தமிழ்த் தாத்தா' என்று எழுதினால் முடிந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பிரித்துப் பார்த்தால், இது ஓர் அப்பாவின் கதையாக ஆரம்பிக்கிறது. 1855ல் பிறந்த உத்தமதானபுரத்துப் பிள்ளைக்குத் தமிழ்ப் பைத்தியம். சங்கீதம் பாடிப் பிழைக்கும் தகப்பனார், பிள்ளை படிக்க நல்ல வாத்தியார் எங்கே கிடைப்பார் என்று குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். இன்றைக்கு நாம் பெரிய ஸ்கூல் இருக்கும் தெருவாகப் பார்த்து வாடகைக்குக் குடிபோகிறோமே, அதே கதைதான்! கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அந்த வாத்தியாருக்கும் கையில் காசு நிற்காது. ஆனால் மாணாக்கன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அந்தப் பக்கங்களில் எனக்குப் பல தடவை கண் நிறைந்துவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்கள் அவசியம் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1880ல் அவர் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராகச் சேருகிறார். காவேரியைத் தாண்டிப் போவோமே, அதே காலேஜ்தான். முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு, இவர் அந்தாதி, உலா, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். இவர் அவற்றைக் கண்ணாலும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் உயிரைக் கொடுத்துப் படித்தவருக்கு, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி. நானாக இருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருப்பேன். அவர் சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புரியாத இடங்களைத் தெரிந்துகொள்ள, ஊரில் இருந்த ஜைனர் வீடுகளின் படியேறினார். அவர்களோ அதைப் பாராயணமே செய்துகொண்டிருந்தார்கள்! ஏழு வருஷம் பாடுபட்டு 1887ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். தெரியாது என்று ஒப்புக்கொள்ள அவர் கூச்சப்படவே இல்லை. எனக்கு இன்றைக்கும் பெரியவளிடம் மொபைலில் ஒன்று கேட்க வேண்டுமென்றால் கௌரவம் குறுக்கே வந்து நிற்கிறது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன், பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். அவர் கல்யாணத்தைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதற்கப்புறம் அந்த அம்மாளை அவ்வளவாகக் காணோம். இவர் ராத்திரி பகலாக ஏட்டுச் சுவடியோடு உட்கார்ந்திருந்தபோது யார் விளக்குக்கு எண்ணெய் விட்டது, யார் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது? படிக்கிறபோதெல்லாம் நான் அவரைத் தேடிக்கொண்டே இருந்தேன். சரித்திரம் முடியாமலே நின்றுவிடுகிறது. ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதிக்கொண்டு வந்தவர், 1942ல் காலமாகிவிட்டார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த அத்தியாயம் எங்கே என்று தேடினேன்.

மூன்றாவது, ராஜம் கிருஷ்ணன் 1979ல் எழுதிய 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத்துத் தொழிலாளிகளைப் பற்றிய நாவல். வீட்டில் உட்கார்ந்து கற்பனையில் எழுதியதல்ல, அந்த அம்மாள் நேரில் போய்ப் பார்த்துப் பழகி எழுதினார். பொன்னாச்சி என்கிற பெண்ணும் அவள் தம்பி பச்சையும் அளத்து வேலைக்குப் போகிறார்கள். உப்பு விளைகிற இடத்தை அளம் என்பார்கள் என்பதே எனக்குப் புதிது. மேலே வெயில், கீழே உப்பு நீர். காலில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால் போதும், அது ஆறாது. வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியலில் வெயில் பட்டுக் கண் கூசிக் கூசியே பார்வை போகும். அதற்கு மேல், வேலைக்கு வரும் பெண்ணை ஒரு மாதிரி பார்க்கிற கங்காணிகள். ஆரம்பத்தில் அந்த வட்டாரப் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. ஒரு ஐம்பது பக்கம் தாண்டியதும் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் பிரசங்கமாகப் போகிற பக்கங்களும் உண்டு என்பேன். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. கட்டு அவிழ்த்துச் சமையலறைக்குப் போன அன்றைக்கு, கல்லுப்பு ஜாடியைத் திறந்தவள் ஒரு நிமிஷம் கையை விடாமல் நின்றேன். அத்தை, "என்ன, உப்பில் எறும்பா?" என்றார். என்ன சொல்வது?

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நூலகத்திலிருந்து வந்ததல்ல, அத்தையின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தது. முதல் பாகம் 1951ல் வந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்த ஒரு பெண்மணி, தன் கைப்பக்குவத்தை எழுதித் தானே புத்தகமாகப் போட்டார் என்றால், அந்தக் காலத்தில் எத்தனை பேர் என்னென்ன சொல்லியிருப்பார்கள்! அடுப்புக்கு முன்னால் நின்று பார்க்கிற புத்தகத்தைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு கதை போலப் படித்தது இதுதான் முதல் தடவை. 'கண் அளவு, கை அளவு' என்று நழுவுகிற வழக்கமே கிடையாது. ஒன்றுமே தெரியாத ஒரு பெண் தனியாகச் சமையலறையில் நிற்கிறாள் என்று மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அளந்து சொல்கிறார். நான் புதுப் பெண்ணாக வந்தபோது அத்தையிடம் சாம்பார்ப் பொடிக்கு அளவு கேட்டேன். "போடற அளவுதான்" என்று பதில் வந்தது. அதை நினைவுபடுத்தினேன். "எனக்கும் யாரு சொல்லிக் குடுத்தா? இந்தப் புஸ்தகம்தான். உங்கிட்டச் சொன்னா நீயும் என்னை மாதிரி ஆயிடுவியேன்னு பெட்டியில வெச்சேன்" என்று சிரித்தார். இருபது வருஷம் கழித்து வெளிவந்த ரகசியம்!

ஐந்தாவது புத்தகத்தை நான் படித்தேன் என்பதைவிட உபயோகித்தேன் என்று சொல்ல வேண்டும். டேவிட் வெர்னர் எழுதிய 'டாக்டர் இல்லாத இடத்தில்'. மெக்ஸிகோ மலைக் கிராமத்து ஜனங்களுக்காக எழுதப்பட்டு, அப்புறம் உலகமெல்லாம் பல மொழிகளில் போன புத்தகம். படத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொள்ளலாம். அதைப் படித்துக்கொண்டிருந்த வாரம்தான், எதிர் வீட்டுப் பெண் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முந்தின நாளிலிருந்து தண்ணீராகப் போகிறதாம். "பாலு, தண்ணி எதுவும் குடுக்காதே, குடுக்கக் குடுக்கத்தான் போகும்னு பெரியம்மா சொல்றாங்கக்கா" என்றாள். குழந்தை உதடு காய்ந்து துவண்டு கிடந்தது. நாங்கள் எல்லோரும் அப்படித்தானே வளர்ந்தோம், வளர்த்தோம்! புத்தகம் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. போகப் போகக் கொடுக்க வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது உடம்பில் நீர் வற்றிப் போவதுதான்.

உப்பு-சர்க்கரைக் கரைசல் இப்படி: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், அதில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. அளவு தப்பக் கூடாது, உப்பு கூடினால் ஆபத்து. வாயில் விட்டுப் பார்த்தால் நம் கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுதான் இன்னும் நல்லது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மாவே தருகிறார்கள். கண் குழிந்து போனாலும், அழுதால் கண்ணீர் வராவிட்டாலும், ஒன்றுக்குப் போகாவிட்டாலும், குடிக்க முடியாமல் துவண்டாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கவே கூடாது. எங்கள் வீட்டில் கரைசல் கொடுத்துக்கொண்டே இவர் ஆட்டோ கூட்டி வந்து அனுப்பினார். அங்கேயும் ஓ.ஆர்.எஸ். கொடுத்து, பதினாலு நாளைக்குத் துத்தநாக மாத்திரையும் எழுதித் தந்தார்கள். குழந்தை தேறிவிட்டது. பெரியம்மாதான் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை!

பின்னால் ஒரு கட்டுரையில் படித்தேன். 1971ல் வங்காளதேச அகதிகள் மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் காலராவில் மடிந்துகொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்ற மருந்து தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகாலனபிஸ் என்பவர் இந்த உப்பு-சர்க்கரைத் தண்ணீரைப் பீப்பாயில் கரைத்து, உறவினர்களையே கொடுக்கச் சொன்னாராம். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. நம் சமையலறையில் இருக்கிற இரண்டு டப்பாக்கள்!

கடைசிப் புத்தகத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் தள்ளிப் போட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

'டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி' என்று பெயர். ஜப்பானில் டெலிவிஷனில் பிரபலமான டெட்சுகோ குரோயானகி, தன் சின்ன வயதைப் பற்றி எழுதி 1981ல் வெளிவந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. அட்டையில் இருந்த குட்டிப் பெண்ணைப் பார்த்துத்தான் சின்னவன் எடுத்து வந்தான்.

டோட்டோ ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கப்படுகிறாள். என்ன குற்றம்? மேல் மூடி திறந்து மூடுகிற மேஜை அவளுக்கு அதிசயம், பாடம் நடக்கிறபோதெல்லாம் திறந்து திறந்து மூடுகிறாள். ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிறாள். கூடு கட்டும் குருவியிடம் என்ன செய்கிறாய் என்று கேட்கிறாள். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, அழைத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடுகிறார். அந்த அம்மா வீட்டுக்கு வந்து குழந்தையிடம் என்ன சொன்னாள் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. வேறு பள்ளிக்கூடம் போய்ப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். நீ நீக்கப்பட்டவள் என்ற விஷயத்தை, மகளுக்கு இருபது வயது ஆன பிறகுதான் சொன்னாளாம்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை.

சின்னவன் இரண்டாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். பக்கத்துக் காலி மனையில் மண் வெட்டும் யந்திரம் வந்ததாம், இவன் பாடத்தை விட்டுவிட்டு எழுந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். தினமும் ஒன்று. "மத்தப் பிள்ளைங்களும் கெடுது, அடுத்த வருஷம் வேற இடம் பாத்துக்குங்க" என்றார்கள். எனக்குத் தலை குனிவாக இருந்தது. வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில், "உன்னை வேண்டாம்னுட்டாங்க, திருப்திதானே?" என்று கத்தினேன். முதுகில் ஓர் அடியும் வைத்தேன். அதோடு விட்டேனா? அடுத்த நாலு வருஷமும் மார்க் குறைந்தால், பால் டம்ளர் கொட்டினால், "ஒரு ஸ்கூல்லேருந்து துரத்தின பையன்தானே நீ" என்று சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தேன். அது வசவு என்று கூட எனக்குத் தோன்றவில்லை, நாக்கில் பழகிப் போயிருந்தது.

மறுநாள் மீதியைப் படித்தேன். டோட்டோ சேர்கிற டோமோயி பள்ளிக்கூடத்தில் வகுப்பறையே பழைய ரயில் பெட்டிதான். தலைமை ஆசிரியர் கோபாயாஷி முதல் நாளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல் என்கிறார். அவள் நாலு மணி நேரம் பேசுகிறாள். அவர் கொட்டாவி கூட விடாமல் கேட்கிறார். மத்தியானச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். சத்துணவுப் பாடத்தை இவ்வளவு சுலபமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கக்கூஸ் குழியில் விழுந்த தன் பர்ஸைத் தேடி டோட்டோ எல்லாவற்றையும் அள்ளி வெளியே குவிக்கும்போது, அந்த வழியாக வந்த அவர் திட்டவில்லை. முடித்ததும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாயல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்! 1945ல் குண்டு வீச்சில் அந்தப் பள்ளிக்கூடம் எரிந்து போனது. எரிகிற நெருப்பைப் பார்த்துக்கொண்டே, அடுத்து எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் கட்டலாம் என்று தன் மகனிடம் கேட்டாராம் அந்த மனிதர்.

நம் ஊர் டீச்சர்களை நான் குறை சொல்ல வரவில்லை. டோமோயியில் மொத்தமே ஐம்பது பிள்ளைகள்தான். இங்கே ஒரே வகுப்பில் அத்தனை பேர். எந்த டீச்சர் நாலு மணி நேரம் கேட்பார்? ஆனால் எனக்கு இருப்பது இரண்டே பிள்ளைகள். நான் பத்து நிமிஷம் கேட்டிருக்கிறேனா?

சாயங்காலம் சின்னவன் ஹார்லிக்ஸ் கொண்டுவந்து கொடுத்தபோது, உட்காரச் சொன்னேன். "ரெண்டாவது படிக்கிறப்ப நம்மளைக் கூப்பிட்டு அனுப்பினாங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு பஸ்ஸுல நீ என் கையைப் பிடிச்சுக்கவே இல்லைம்மா" என்றான்.

அடி ஞாபகமில்லை, கத்தியது ஞாபகமில்லை. அதுதான் ஞாபகம்! எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் இல்லை நான், என் அம்மாவும் என்னிடம் கேட்டதில்லை. "அது என் தப்புடா. உன்னுது இல்லை" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் மாவுக்கட்டின் மேல் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருந்தான். அப்புறம், "அந்தப் பொண்ணு என்னம்மா பண்ணிச்சு?" என்று அட்டையைக் காட்டினான். மேஜை மூடியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பர்ஸ் கதை வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். மண் வெட்டும் யந்திரத்தில் எத்தனை பல் இருந்தது, டிரைவர் என்ன கலர் துண்டு கட்டியிருந்தார் என்றெல்லாம் எனக்குச் சொன்னான். நாலு வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறான்! நான் கேட்டதே இல்லை.

கட்டுப் பிரித்து இப்போது நடக்கிறேன், மாடிப்படிதான் கொஞ்சம் தகராறு. மற்றப் புத்தகங்களையெல்லாம் நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டோட்டோவை மட்டும் சின்னவன் தரவில்லை. ராத்திரி படுக்கப் போகும் முன் நாலு பக்கம் படிக்கிறான், பாதிதான் ஆகியிருக்கிறது. கெடுத் தேதி வருகிற சனிக்கிழமை. இன்னொரு தடவை புதுப்பித்துத் தருவார்களா என்று நூலகரைக் கேட்க வேண்டும்.